வேலப்பாடி: ஒரு வீட்டுப் பெயரைத் தேடி லாலாகூடா வரை

இந்தப் பயணம் இரண்டே நாள். குகட்பள்ளியில் இருக்கும் என் வீட்டிலிருந்து தார்நாகா, லாலாகூடா, கடைசியில் திருமுல்கேரி. எல்லாம் ஹைதராபாத் நகரத்துக்குள்ளேயே. இதைப் பயணம் என்று சொல்லலாமா என்று சாந்தி டீச்சரிடம் கேட்டேன். "நீங்கள் போய்விட்டு வந்து ஒரு மாதமாக எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். அப்படியானால் பயணம்தான்" என்றார். டீச்சர் எங்கள் காலனி முருகன் கோயில் ஹாலில் ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ் சொல்லித்தருகிறவர். இந்த வலைப்பதிவும் அவருடையதுதான். நான் நோட்டில் எழுதிக் கொடுப்பதை அவர் தட்டச்சு செய்கிறார்.

எனக்கு எழுபத்து நான்கு வயது. பெயர் ஏழுமலை. பாலாநகரில் ஒரு பட்டறையில் கடைசல் இயந்திரம் ஓட்டி ஓய்வு பெற்றவன். எண்கள் நன்றாகத் தெரியும். எழுத்து தெரியாது. போன வருடம்தான் கற்றுக்கொண்டேன். இப்போது கண்ணில் படுகிற தமிழை எல்லாம் படிக்கிறேன். இந்த ஊரில் தமிழ் எழுத்து அவ்வளவு சுலபத்தில் அகப்படாது. அப்பளப் பாக்கெட், தீப்பெட்டி, கோயில் உண்டியல், மருமகள் வாங்கி வரும் ரசப்பொடி டப்பா. ரசப்பொடி டப்பாவை நான் முழுவதும் படித்திருக்கிறேன். குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்கவும்.

ஆனால் இந்தப் பயணம் சந்தோஷத்துக்காகப் போனது இல்லை. என் தங்கை பூங்காவனம் ஒரு கேள்வி கேட்டாள். அதற்குப் பதில் படித்து வரப் போனேன்.

அதைச் சொல்லும் முன்பு எங்கள் வீட்டுப் பெயரைச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் இருக்கிறவர்களுக்கு அப்பா பெயரின் முதல் எழுத்து போதும். இங்கே அது நடக்காது. தெலுங்குக்காரர்களுக்கு இண்டி பேரு, அதாவது வீட்டுப் பெயர், இல்லாமல் ஆளே இல்லை. ஒரே இண்டி பேரு உள்ளவர்கள் அண்ணன் தம்பி முறை. அவர்களுக்குள் பெண் கொடுப்பது, எடுப்பது கிடையாது. நாங்கள் லாலாகூடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்த தமிழ்ப் பிள்ளைகள். எங்களுக்கும் ஒரு இண்டி பேரு இருந்தது. வேலப்பாடி. எங்கள் வரிசையில் ஏழு வீடுகளுக்கு அந்தப் பெயர். ஏழு வீடும் பங்காளிகள் என்றுதான் நாங்கள் வளர்ந்தோம்.

பக்கத்து வீட்டுக் கன்னியப்பனை நாங்கள் பெரியப்பா என்றோம். அவர் மகன் தேவராஜ் என் வயது. பூங்காவனத்துக்குப் பத்தொன்பது வயதானபோது தேவராஜ் எங்கள் அப்பாவிடம் வந்து அவளைப் பெண் கேட்டான். தனியாக வந்தான், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு. நான் வாசலில் சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்தேன். அப்பா சத்தம் போடவில்லை.

"எங்க வீட்டுக்காரி செத்தப்ப உங்கப்பன் பங்காளியா நின்னு மீசை எடுத்தவன்டா. உனக்கே எட்டு வயசுல மொட்டை போட்டாங்க. உனக்கு நான் எப்பிடிடா பொண்ணு குடுப்பேன்? வேலப்பாடிக்கு வேலப்பாடி கொடுக்கல் வாங்கல் உண்டா?" என்றார்.

தேவராஜ் போய்விட்டான். இரண்டு வருடம் கழித்து அவனுக்கு ஊர்ப்பக்கம் பெண் பார்த்துக் கட்டிவைத்தார்கள். பூங்காவனத்துக்கும் மாப்பிள்ளை பார்த்தோம். ஒவ்வொரு இடத்துக்கும் அவள் "நக்கோ" என்றாள். குவார்ட்டர்ஸ் முழுக்க முஸ்லிம் பெண்களோடு பழகி அவள் வாயில் ஒட்டிக்கொண்ட சொல் அது. வேண்டாம் என்று அர்த்தம். அதற்குமேல் காரணம் சொல்ல மாட்டாள். பிறகு திருமுல்கேரியில் ராணுவ அதிகாரிகள் வீடுகளில் சமையல் வேலைக்குப் போய், அங்கேயே ஒரு போர்ஷனில் தங்கிவிட்டாள். இப்போது எழுபத்தொரு வயது.

போன ஐப்பசியில் தேவராஜ் இறந்துபோனான். பங்காளி வீடு என்பதால் எங்களுக்கும் தீட்டு. என் மகன் ஆபீசுக்குப் போக வேண்டும், மூன்று நாள் போதும் என்றான். பூங்காவனம் பதினாறு நாளும் காத்தாள். தலைக்கு எண்ணெய் வைக்கவில்லை. கோயில் பக்கம் போகவில்லை. குழம்பைத் தாளிக்கக்கூட இல்லை. கல்யாணமாகிப் போன பெண்களுக்குப் பிறந்த வீட்டுப் பங்காளித் தீட்டு இல்லை. அவள் எங்கும் போகாதவள், அதனால் அவளுக்கு உண்டு.

காரியம் முடிந்த மறுவாரம் அவளைப் பார்க்கப் போனேன். அப்போதுதான் கேட்டாள்.

"ணா, நீதான் எழுத்து கத்துக்கினியே. எனக்கு ஒரு வேலை செய்வியா?"

"சொல்லு."

"நாம நெஜமாவே பங்காளிதானா? எங்கியாவது எழுதி வெச்சிருப்பாங்க இல்ல? போயி படிச்சிட்டு வா."

"இப்ப தெரிஞ்சி இன்னா ஆவப்போவுது பூங்கா?"

"ஆவறதுக்கு ஒண்ணும் இல்ல. பங்காளின்னா அப்பா சொன்னது சரி. நானும் அவரு மேல கோவத்தை விட்டுடுவேன். அம்பது வருசமா வெச்சினு கீறேன், கனமா கீது."

இதுதான் நான் போன காரணம்.

போகும் முன்பு வீட்டில் இருக்கும் சான்றிதழ்களை எடுத்துப் பார்த்தேன். உங்களுக்கும் அதைத்தான் சொல்வேன். வீட்டுப் பெட்டியிலிருந்து தொடங்கிப் பின்னால் போங்கள். பேத்தியின் காலேஜ் சான்றிதழில் வேலப்பாடி இருந்தது. அதற்குக் காரணம் மகனின் பத்தாம் வகுப்பு மார்க் மெமோ. அதில் இருந்ததற்குக் காரணம் அவனைப் பள்ளியில் சேர்த்தபோது நான் சொன்னது. நான் சொன்னதற்குக் காரணம் என்னை யாரோ அப்படிச் சேர்த்தது. எல்லாம் இங்கிலீஷ். மகன் படிக்கப் படிக்க நான் விரலை வைத்துக்கொண்டு வந்தேன். அதற்கு முன்னால் போக வீட்டில் காகிதம் இல்லை.

முதல் நாள் தார்நாகா. அங்கே அரசு ஆவணக் காப்பகம் இருக்கிறது. குகட்பள்ளியில் மெட்ரோ ஏறி, அமீர்பேட்டில் வண்டி மாறி, தார்நாகாவில் இறங்க வேண்டும். ஐம்பது நிமிடம் ஆகும். டிக்கெட் அறுபது ரூபாய்க்குள். அமீர்பேட்டில் படி நிறைய. முட்டி வலி உள்ளவர்கள் லிப்டைத் தேடிப் பிடியுங்கள், ஒரு மூலையில் இருக்கிறது. ரயில் பாலாநகரைத் தாண்டும்போது நான் வேலை செய்த பட்டறையின் தகரக் கூரை மேலேயிருந்து தெரிகிறது. அவ்வளவு வருடம் அதன் அடியில் நின்றிருக்கிறேன், மேலே துரு என்று இப்போதுதான் தெரிந்தது.

காப்பகத்துக்கு ஆதார் அட்டை நகலும், எதற்காகப் பார்க்க வேண்டும் என்று ஒரு விண்ணப்பமும் வேண்டும். டீச்சர் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்திருந்தார். பையை வாசலில் வைத்துவிட வேண்டும். உள்ளே பேனா கூடாது, பென்சில் மட்டும்தான். எனக்கு இது ரொம்ப வசதி. நான் இன்னும் பென்சில் வகுப்புதான். டப்பாவில் இரண்டு பென்சில், ஒரு ரப்பர், ஒரு துருவி வைத்திருந்தேன். வாசலில் இருந்தவர் டப்பாவைத் திறந்து பார்த்துச் சிரித்துவிட்டு அனுப்பினார்.

அப்பா நிஜாம் காலத்திலேயே ரயில்வே பட்டறையில் சேர்ந்தவர். அந்தக் காலத்து ரயில்வே காகிதங்கள் கொஞ்சம் இங்கே இருக்கின்றன. எல்லாருடையதும் இருக்காது, அதிர்ஷ்டம் வேண்டும். காலையில் கேட்டது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் வந்தது. கட்டு முழுக்க உருது. எதிரே உட்கார்ந்து வேறு ஏதோ தேடிக்கொண்டிருந்த ஒரு பெரியவர், தாடி வைத்தவர், எனக்காகப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். உருது பேச எனக்கு வரும், படிக்க வராது. அவருக்குத் தமிழ் பேசவும் வராது. ஆனாலும் ஒரு மணி நேரத்தில் அப்பாவைப் பிடித்துவிட்டார்.

"மாணிக்கம் வலத் பெரியண்ணன்" என்று படித்தார். வலத் என்றால் மகன். அதன் கீழே, பட்டறையில் கொல்லன் உதவியாளர். அவ்வளவுதான்.

"வேலப்பாடி?" என்று கேட்டேன்.

அவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "நை சாப். வேலப்பாடி நை ஹை."

இன்னும் கொஞ்சம் தள்ளி "கன்னியப்பன் வலத் திருவேங்கடம்" இருந்தது. அதிலும் வேலப்பாடி இல்லை. என் தாத்தா பெயர் பெரியண்ணன் என்று எனக்கு அன்றுதான் தெரியும். நோட்டில் எழுதிக்கொண்டேன். 'ண்' போட்டு அதற்குப் பக்கத்தில் 'ண' போடும்போது பென்சில் முனை உடைந்தது. துருவிக்கொண்டு மறுபடி எழுதினேன்.

வீடு திரும்பும்போது இதை யோசித்துக்கொண்டே வந்தேன். அப்பா வேலையில் சேர்ந்தபோது பெயர் இல்லை. நான் பள்ளியில் சேர்ந்தபோது இருந்திருக்கிறது. நடுவில் எங்கிருந்தோ வந்திருக்கிறது. ஏழு வீட்டுக்கும் சேர்ந்து வந்திருக்கிறது.

இரண்டாம் நாள் லாலாகூடா. இந்த முறை மெட்ரோ வேண்டாம் என்று செகந்திராபாத் பஸ் பிடித்தேன். பாலாநகர், போயின்பள்ளி வழி. நெரிசல் இல்லாவிட்டால் ஒரு மணி நேரம். நான் போனது நெரிசலில். ஆனால் அதனால் ஒரு நன்மை. போயின்பள்ளி மார்க்கெட் பக்கத்தில் பஸ் நின்றுவிட்டது. ஜன்னலை ஒட்டி ஒரு லாரி. அதன் பக்கவாட்டில் தமிழ்! பெரிய பெரிய எழுத்து. நான் சத்தமாகவே எழுத்துக் கூட்டினேன். "நா... மக்... கல். நாமக்கல்!"

லாரி டிரைவர் எட்டிப் பார்த்தார். "இன்னா பெரியவரே, நாமக்கல்லா நீங்க?"

"இல்லப்பா. உன் வண்டியைப் படிக்கிறேன்."

"படிங்க படிங்க. பின்னாடி இன்னும் நெறைய எழுதிருக்கு. என் பொண்ணு பேரும் கீது."

பஸ் கிளம்பிவிட்டது. அவர் மகளின் பெயரை என்னால் படிக்க முடியவில்லை. அது இன்னும் ஒரு குறையாக இருக்கிறது.

செகந்திராபாத் ஸ்டேஷன் எதிரில் ஆட்டோ. லாலாகூடாவுக்கு நூறு கேட்டார்கள், ஒருவர் எண்பதுக்கு வந்தார். மூன்று கிலோமீட்டர்கூட இருக்காது. சின்ன வயதில் என்னைச் சேர்த்த பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னதும் டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"கைக்கு சாச்சா, இஸ் உமர் மே இஸ்கூல்?" இந்த வயதில் பள்ளிக்கூடம் எதற்கு என்று கிண்டல்.

நானும் அவர் பாஷையிலேயே சொன்னேன். பெயர் எப்போதோ சேர்த்தாகிவிட்டது, படிப்புதான் பாக்கி என்று. "ஹவ்! தோ ஜல்தி சலோ, பெல் ஹோ ஜாதா" என்று வண்டியை முறுக்கினார். மணி அடித்துவிடுமாம்.

நாங்கள் இருந்த குவார்ட்டர்ஸ் வரிசை இப்போது இல்லை. இடித்து மதில் கட்டிவிட்டார்கள். மதிலுக்கு இந்தப் பக்கம் ஒரு வேப்பமரம் நிற்கிறது. அது அந்தக் காலத்து மரமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த இடத்தில் எங்கேயோதான் அம்மாவைக் கிடத்தியிருந்தார்கள். எனக்கு அப்போது எட்டு வயது. ஊருக்குத் தந்தி கொடுத்து ஆள் வந்து சேர இரண்டு நாள் ஆகும். கொள்ளி வைக்க நான் இருந்தேன். ஆனால் தோள் கொடுக்க, மீசை எடுக்க, கூட நின்று நீர் விடப் பங்காளி வேண்டும். இந்த ஊரில் எங்களுக்கு யார் இருந்தார்கள்? கன்னியப்பன் பெரியப்பா தன் மீசையை எடுத்துவிட்டு வந்து நின்றார். மற்ற ஐந்து வீட்டு ஆண்களும் வந்து நின்றார்கள். பிள்ளைகளுக்கும் மொட்டை. நானும் தேவராஜும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் தலையை ஒருவர் தடவிப் பார்த்துக்கொண்டோம். அம்மா செத்த அன்று அப்படிச் சிரிப்பு வந்தது எங்களுக்கு.

அத்தோடு என் படிப்பு முடிந்தது, கற்ற எழுத்தும் மறந்தது. தங்கச்சியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே.

பள்ளிக்கூடம் இருக்கிறது. தமிழ்ப் பிரிவு மூடிப் பல காலம் ஆகிவிட்டது. தலைமை ஆசிரியை தெலுங்கு அம்மா. நல்லவர். பழைய சேர்க்கைப் பதிவேடுகள் ஒரு இரும்பு பீரோவில் இருப்பதாகவும், தமிழில் இருப்பதால் தங்களுக்கு ஒன்றும் புரியாது என்றும் சொன்னார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"தமிழ் சதவடம் வச்சா மீக்கு?" உங்களுக்குத் தமிழ் படிக்க வருமா என்று.

என் வாழ்நாளில் இந்தக் கேள்விக்கு நான் சொன்னது எல்லாம் ராது, ராது என்றுதான். வராது. ரேஷன் கடையில், பாங்கில், பட்டறையில். அன்றைக்கு "வச்சு மேடம்" என்றேன். வரும். இன்னொரு முறையும் சொன்னேன், அவர் கேட்காமலேயே.

வகுப்பு நடக்காத ஒரு அறையில் பதிவேடுகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். பூச்சி அரித்த வாசனை. கையெழுத்து அழகு, ஆனால் எனக்குப் பழக்கமில்லாத அழகு. காலை பதினொன்றுக்கு உட்கார்ந்தவன் ஒரு மணி வரைக்கும் என் பெயரைக் காணவில்லை. தேவராஜ் கிடைத்துவிட்டான். அவன் பெயருக்கு மேல்வரியில் 'ஏழும' வரை புரிந்தது. அதற்குப் பிறகு ஒரு எழுத்து. 'ல' மாதிரி, தலைக்கு மேலே கொக்கி மாதிரி ஒன்று. டீச்சருக்குப் போன் செய்தேன்.

"டீச்சர், 'ல'வுக்கு மேலே யானைத் தும்பிக்கை மாதிரி இருக்குதே, அது என்ன?"

"அதுதான் ஐயா 'லை'. அந்தக் காலத்தில் அப்படித்தான் எழுதுவாங்க. நான் உங்களுக்குச் சொல்லித்தரலை, என் தப்பு. கொக்கியோட சேர்த்துப் படிங்க."

ஏழுமலை. அந்தத் தும்பிக்கையோடு நான் அங்கே அறுபத்தெட்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். விரலை வைத்துத் தடவினேன். தொடக்கூடாது என்று பியூன் சொன்னார். எடுத்துவிட்டேன்.

சந்தோஷம் அவ்வளவுதான். அதற்கு அடுத்த கட்டங்களைப் படித்தேன்.

ஒரே நாளில் ஏழு பிள்ளைகளைச் சேர்த்திருக்கிறார்கள். முதல் வரியில் மேஸ்திரியின் மகன். எங்கள் அப்பாக்களை எல்லாம் ஊரிலிருந்து பட்டறைக்குக் கூட்டிவந்த அந்த மேஸ்திரிதான் அன்றைக்கு ஏழு பிள்ளைகளையும் அழைத்துப் போயிருக்கிறார். சொந்த ஊர் என்ற கட்டத்தில் அவருக்கு வேலூர் வேலப்பாடி. வீட்டுப் பெயர் என்ற கட்டத்திலும் வேலப்பாடி. அது சரி. அதற்குக் கீழே என் வரி. சொந்த ஊர் போளூர். அதற்குக் கீழே தேவராஜ். சொந்த ஊர் குடியாத்தம். மற்ற நான்கு பேருக்கும் நான்கு ஊர். ஆரணி, வாலாஜா, ஆம்பூர், இன்னொன்று பூச்சி தின்றுவிட்டது. ஆறு பேருக்கும் வீட்டுப் பெயர் கட்டத்தில் எழுத்தே இல்லை. இரண்டு சிறு கோடுகள். மேலே உள்ளதே இங்கும் என்பதற்குப் போடுவார்களே, அந்தக் கோடுகள்.

நான் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுப் பெயர் இல்லாமல் கட்டத்தை விட முடியாது என்று வாத்தியார் சொல்லியிருப்பார். எங்களுக்கு அப்படி ஒன்றும் கிடையாதே என்று இவர்கள் முழித்திருப்பார்கள். என் பேரையே எல்லாருக்கும் போடு சாமி என்று மேஸ்திரி சொல்லியிருப்பார். வாத்தியாரும் கோடு போட்டிருப்பார். கடைசிக் கட்டத்தில் அப்பாவின் கட்டைவிரல் ரேகை இருந்தது. அதற்குக் கீழே கன்னியப்பன் பெரியப்பாவின் ரேகை. இரண்டு பேரும் அங்கேதான் நின்றிருக்கிறார்கள். நாங்கள் பங்காளி இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். இரண்டு வருடம் கழித்து அம்மா செத்தபோது, தெரிந்தேதான் பெரியப்பா மீசை எடுத்தார். தெரிந்தேதான் அப்பா அதை ஏற்றுக்கொண்டார். அதற்குப் பிறகு அவரைப் பொறுத்தவரை அவர்கள் பங்காளிதான்.

தலைமை ஆசிரியை வந்து எட்டிப் பார்த்தார். நான் கோடுகளைக் காட்டி, இதெல்லாம் வேலப்பாடி என்றேன்.

"ஒகட்டே இண்டி பேரு. அந்தரூ மீ வாள்ளேனா?" என்றார். எல்லாரும் உங்கள் ஆட்கள்தானா?

தலையை மட்டும் ஆட்டினேன்.

இரண்டு வருடம் தள்ளிப் பூங்காவனத்தைத் தேடினேன். கிடைத்தாள். இப்போது கோடு இல்லை, வேலப்பாடி என்று முழுசாக எழுதியிருந்தது. அப்பா ஷிப்டில் இருந்திருப்பார். அழைத்து வந்தவர் கன்னியப்பன். பிள்ளைக்கு என்ன உறவு என்ற கட்டத்தில் பெரியப்பா.

ஆக, என் நோட்டில் இரண்டு பதில் இருந்தது. ஒரு பக்கம் உறவே இல்லை என்கிறது. இன்னொரு பக்கம் பெரியப்பா என்கிறது. இரண்டையும் என் கையாலேயே பார்த்து எழுதியிருந்தேன். அவளுக்கு இதில் எதைப் படிப்பது? படிக்கத் தெரியாதவனாக இருந்தால் எனக்கு இந்தத் தொல்லை இல்லை.

லாலாகூடாவிலிருந்து திருமுல்கேரி எட்டு கிலோமீட்டர். ஆட்டோ நூற்றைம்பது. கண்டோன்மென்ட் பக்கம் சில தெருக்களில் ராணுவக்காரர்கள் கேட் போட்டிருக்கிறார்கள், சுற்றித்தான் போக வேண்டும். அந்தச் சுற்றும் எனக்குப் போதவில்லை. இரண்டாவது பதிலை மட்டும் படித்துவிடலாம் என்று முடிவு செய்துதான் அவள் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

பூங்காவனம் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"படிச்சியா?"

"படிச்சேன். உன் பேரும் கீது. வேலப்பாடி பூங்காவனம். கூட்டினு வந்தவரு கன்னியப்பன், பெரியப்பான்னு போட்டிருக்குது."

"அது எனக்குத் தெரியும். தோள்ல தூக்கினு போயி சேத்தாரு. நான் கேட்டது அது இல்ல."

"அதான் பெரியப்பான்னு எழுதிருக்குதே."

"ணா. நோட்டை மூடிக்கினு படிக்கிறியே, நீ எப்பலருந்து இவ்ளோ பெரிய படிப்பாளி? தொற."

திறந்தேன். விரல் வைத்துப் படித்தேன். மேஸ்திரி மகன், வேலப்பாடி. ஏழுமலை, போளூர். தேவராஜ், குடியாத்தம். எல்லா ஊரும் படித்தேன். கோடுகளையும் காட்டினேன். அவள் எட்டிப் பார்த்தாள்.

"இது இன்னா எழுத்து?"

"எழுத்து இல்ல. கோடு. மேல கீறதேதான் கீழயும்னு அர்த்தம்."

"ரெண்டு கோடு" என்றாள். சிரிக்கப் பார்த்தாள். "எம்மாடி. ரெண்டு கோடு."

கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். அப்பாவைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு.

"அப்ப நான் பதினாறு நாளு தீட்டு காத்தேனே, அது இன்னாது?"

நான் நோட்டை மூடினேன்.

"அவரு செத்த அன்னிக்கு நான் போயி வாசல்ல நின்னேன். அவரு வீட்டுக்காரிக்கு என்னை அடையாளம் தெரியல. யாரும்மா நீன்னாங்க. வேலப்பாடி பொண்ணு, பங்காளி வீடுன்னேன். உடனே உள்ள கூட்டினு போயி தலைமாட்டுல உக்கார வெச்சாங்க. சாயங்காலம் எடுக்கற வரைக்கும் அங்கதான் உக்காந்திருந்தேன். அந்தப் பேரு இல்லேன்னா நான் யாருன்னு சொல்லினு உள்ள போயிருப்பேன், ணா?"

அவள் அழவில்லை. எனக்குத்தான் கண் மறைத்தது. அம்மாவை எடுத்தபோது தோள் கொடுத்த அதே பெயர்தான் அவளைக் கட்டிக்கொடுக்காமல் வைத்தது. அதே பெயர்தான் அவளை அவன் தலைமாட்டில் உட்காரவும் வைத்தது. இதில் எதை எதோடு கழிப்பது என்று எனக்குக் கணக்குத் தெரியவில்லை.

"பென்சில்லதான் எழுதிருக்கேன். ரப்பர் கீது. அழிச்சிடட்டுமா?" என்றேன்.

"நக்கோ. இந்த வயசுல உக்காந்து எழுதிருக்கே. இருக்கட்டும்."

"அப்பா மேல கோவம்?"

"அது கீது" என்றாள். "நீ கைகால் கழுவினு வா. சாப்டுவே."

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். ஆவணக் காப்பகத்துக்கு வேலை நாட்களில் காலையிலேயே போய்விடுங்கள், கேட்ட கட்டு வர நேரமாகும். பென்சில் கொண்டுபோங்கள். உருது படிக்கத் தெரிந்த ஒருவரைச் சிநேகம் பிடித்துக்கொள்ளுங்கள், டீ வாங்கிக் கொடுங்கள். பள்ளிகளில் உங்கள் சொந்தப் பெயரைக் காட்டினால்தான் பதிவேட்டைத் திறப்பார்கள், அடையாள அட்டை வேண்டும். பழைய தமிழில் தும்பிக்கை போட்ட எழுத்துகள் வரும், முன்னாடியே கற்றுக்கொண்டு போங்கள். இரண்டு நாளைக்கும் சேர்த்து, சாப்பாடு உட்பட, எனக்கு அறுநூறு ரூபாய்க்குள் முடிந்தது.

இன்னொன்று. வீட்டில் யாராவது பதிலுக்குக் காத்திருந்தால், கிளம்பும் முன்பு அவர்கள் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போங்கள். நான் கேள்வியை வாங்கிக்கொண்டு மறுநாளே ஓடிவிட்டேன். படிக்கப் போகிறோம் என்ற ஆசை.

இதை எழுதி முடிக்க ஒரு மாதம் ஆனது. வெளியிடும் முன்பு பூங்காவனத்திடம் எடுத்துப்போய்ப் படித்துக் காட்டினேன். சாயங்காலம் முழுக்க ஆனது, நான் படிக்கிற வேகம் அப்படி. நடுவில் நிறுத்தச் சொல்லவில்லை. முடிந்ததும் ஒரே ஒரு குறை சொன்னாள்.

"எல்லா எடத்துலயும் தேவராஜ், தேவராஜ்னு மொட்டையா எழுதிருக்கே. என்னையும் பூங்காவனம்னு மொட்டையா எழுதிருக்கே. பேரை முழுசா எழுது, ணா."

அவள் அவன் பெயரைச் சொல்லி நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

எல்லா இடத்திலும் திருத்த எனக்கு இன்னும் ஒரு மாதம் ஆகும். அதனால் இங்கே ஒரு முறை எழுதிவிடுகிறேன், ஒன்றின் கீழ் ஒன்றாக, கோடு போடாமல்.

வேலப்பாடி தேவராஜ்.

வேலப்பாடி பூங்காவனம்.